சத்தம் போடும் செருப்பு

என் வீட்டுக்காரருக்குக் கால் முறிந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு செருப்பு கத்திக்கொண்டிருந்தது. சொன்னால் சிரிப்பார்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அப்போது அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கிறேன், பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல்.

அவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தார். குரங்கணிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டமும் இருந்தது. ஜீப்பு ஒரு ஓடைக்கரையோடு நின்றுவிடும். அதற்கு மேல் கல்லும் வேருமாக நடைப்பாதைதான். அந்தத் தோட்டத்தை என்னைக் கட்டுவதற்கு முன்பே அவர் வாங்கி, செடி செடியாக நட்டு வளர்த்திருந்தார். வாரம் ஒரு முறை போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "மூத்தவ வீட்டுக்குப் பொறப்பட்டாச்சா" என்று நான் கேலி செய்வேன். நான் அதைப் பார்த்ததே கிடையாது. காய் பறிக்கிற பெண்கள் ஏறுவார்கள். தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பெண்கள் ஏறமாட்டார்கள். யார் போட்ட சட்டமோ, நானும் கேட்டதில்லை.

ஒரு மழை நாளில் மூட்டை லோடோடு இறங்கிய ஜீப்பு வளைவில் சறுக்கிச் சாய்ந்தது. ஆனைக்கே அடி சறுக்கும்போது ஜீப்புக்கு என்ன? டிரைவர் குதித்துத் தப்பித்தார். இவர் தொடை எலும்பு முறிந்து, மதுரை ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று அவர்கள் சொன்னபோது அந்தக் கால் முருங்கைக்காய் மாதிரி இளைத்துப்போயிருந்தது. இனிமேல் பாரம் போட்டு நடந்தால்தான் காலுக்குப் பலம் வரும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கம்புதான் என்றார்கள்.

அவரோ பாரத்தையெல்லாம் நல்ல காலிலும் கம்பிலும் போட்டுக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். கேட்டால் ஊன்றித்தான் நிற்கிறேன் என்பார். ஒரு நாள் தன் தம்பியைக் கூப்பிட்டு, ஆடி மழை விட்டு முதல் பறிப்பு வருவதற்குள் தன்னால் மேலே ஏற முடியவில்லை என்றால் தோட்டத்தை வாங்க ஆள் பார்த்துவிடு என்று சொன்னார். தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு நான் உள்ளே போய் அழுதேன். தோட்டம் போகிறதே என்று இல்லை. சந்தையில் நாலு பேரை அதட்டி விலை பேசுகிற மனுஷன் சுவரைப் பார்த்துப் பேசுகிறாரே என்றுதான் அழுதேன்.

மதுரையில் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். சின்ன வயசு, சிரித்த முகம். அவர்தான் அந்தச் செருப்பைக் கொடுத்தார். பார்ப்பதற்குச் சாதாரண ரப்பர் செருப்பு. குதிகால் படுகிற இடத்தில் உள்ளே ஒரு தகடு, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் மறுமுனையில் இடுப்பில் மாட்டுகிற சின்னப் பெட்டி. காலில் போதுமான பாரம் இறங்கினால் தகடு அதை உணர்ந்து சொல்ல, பெட்டி 'கீ' என்று கத்தும். எவ்வளவு பாரம் இறங்கினால் கத்த வேண்டும் என்பதற்குப் பெட்டியில் ஒரு திருகு. மாதம் ஒரு முறை ரயிலேறி வந்தால், அதைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிவிடுவதாகச் சொல்லி, திருகின் மேல் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் அது ஒன்றுதான் இருந்தது. பத்திரம் என்று என்னிடம்தான் சொன்னார்.

போடியில் செய்தி பரவியது. பார்க்க வந்த வியாபாரிகள் யாரும் முதலில் காலைப் பற்றி விசாரிக்கவில்லை. தராசைக் கண்டால் தட்டைக் கையால் அழுத்திப் பார்க்காமல் ஏலக்காய்க்காரன் நம்பமாட்டான். ஒவ்வொருத்தராகச் செருப்புக்குள் காலை விட்டு அழுத்திக் கத்தவைத்து, சரியாகத்தான் இருக்கிறது என்று சான்று கொடுத்துவிட்டு, அப்புறம் காப்பி குடித்தார்கள்.

முதல் வாரம் பெட்டி பெரும்பாலும் ஊமையாகவே இருந்தது. கூடத்தில் கம்பு தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். நான் எட்டிப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்ப்பார். பிறகு திடீரென்று ஒரு காலையில் அடிக்கு அடி கீ, கீ என்று கேட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்குப் பருப்புப் பாயசம் வைத்தேன், ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிப் போட்டு. அவர் இரண்டு தம்ளர் குடித்தார்.

அப்புறம் வீடு முழுக்கக் கீச்சுச் சத்தம்தான். ஆனால் கால் மட்டும் தேறவில்லை. மாடியேற முடியவில்லை, கம்பை விட முடியவில்லை. டாக்டரம்மாவும் தொட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். எனக்குப் புரியவில்லை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிட்டதாக நினைக்குமாம். எங்கள் வீட்டுக் கதையில் பூனைதான் என் கண்ணைத் திறந்துவிட்டது. அவர் செருப்பையும் பெட்டியையும் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அடுத்த வீட்டுப் பூனை வந்து செருப்பின் மேல் உட்கார்ந்தது. பெட்டி 'கீ' என்று கத்தியது. பூனை பறந்தது. நான் விளக்குமாற்றோடு அப்படியே நின்றேன். பூனையின் பாரத்துக்குக் கத்துகிற பெட்டி மனுஷனுக்கு என்ன சொல்லும்? எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்திரி ஒரு ஓரம் பிரிந்திருந்தது.

ஈரத் தலையோடு வந்தவரை நான் விடவில்லை. அவர் கொஞ்சமும் அசராமல் நியாயம் பேசினார். ஏலக்காய் எடை போட்டால் சாக்குக்குக் கழிவு உண்டா இல்லையா? அதேபோலச் செருப்புக்கும் பெட்டிக்கும் எடை உண்டல்லவா? டாக்டரம்மாவுக்கு அது தெரியவில்லை, அதனால் கழிவைத் தானே திருகில் கழித்துக்கொண்டாராம். இப்படியும் ஒரு மனுஷன் தன் காலுக்கே எடையில் கழிவு போடுவானா? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு, என் முழுப் பாரத்துக்கும்தான் கத்த வேண்டும் என்கிற அளவுக்குத் திருகை முடுக்கினேன். நடங்கள் பார்க்கலாம் என்றேன். அவர் நடந்தார். பெட்டி வாயே திறக்கவில்லை. கூடத்தின் கடைசி வரை போனவர் திரும்பி வராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கால ஊனும்போதெல்லாம் ஜீப்பு சாயுற மாதிரியே இருக்கு. அந்தப் பயத்தக்கூட நான் தாங்கிக்கிருவேன். சத்தம் வரலைன்னா நீ எட்டிப் பாக்குற பாரு, அந்த மூஞ்சிய என்னால தாங்க முடியல. அதுக்குத்தான் திருகினேன்."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் பாயசம் வைத்தது நினைவுக்கு வந்தது. அத்தனை நாளும் அந்தப் பெட்டி எனக்காகத்தான் கத்தியிருக்கிறது. இந்த மனுஷனை என்ன செய்வது? ஒரு துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நடந்தால் சாய்ந்துவிடுவோம் என்கிற பயம் விழுந்தவர்கள் எல்லாருக்கும் உண்டு என்றார். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். பிறகு டிரான்சிஸ்டரில் பாட்டுக் கேட்கிற காதுக்குழாய் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிப் பெட்டியில் மாட்டினார். இனிமேல் சத்தம் அவர் காதுக்கு மட்டும்தான். பெட்டி கத்தியதா கத்தவில்லையா என்று வீட்டில் ஒருத்தரும் கேட்கக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

சொல்லிவிட்டார், சுலபமாக. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கல்லவா தெரியும்! அவர் காதில் குழாயோடு கூடத்தில் நடப்பார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. விலை பேசிப் பழகிய முகம். மதுரைக்குப் போனாலும் நான் வெளியே பெஞ்சில்தான் உட்காருவேன். அவர்கள் இருவரும் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பல தடவை வாய் வரை வந்த கேள்வியைக் கடித்து விழுங்கினேன். அந்தக் காலத்தில் நான் தேய்த்த பாத்திரமெல்லாம் புதுசாகப் பளபளத்தன.

ஆடி மழை விட்டது. செருப்பு இன்னொரு நோயாளிக்கு வேண்டும் என்று டாக்டரம்மா திரும்ப வாங்கிக்கொண்டார். ஏறலாம், ஒருத்தர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறட்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். தம்பி கூட வரக் கிளம்பினார்.

"நீ இருப்பா. அவ வரட்டும்" என்றார் இவர்.

ஓடைக்கரையில் ஜீப்பு எங்களை இறக்கிவிட்டது. இடது கையில் கம்பு, வலது கை என் தோளில். முதல் ஏற்றத்தில் என் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. இவ்வளவு பாரமும் என் மேல்தான் இறங்குகிறது என்றால் காதுக்குழாயை மாட்டிக்கொண்டு என்னத்தைக் கேட்டுக் கிழித்தார் என்று உள்ளே எரிச்சல். வாயைத் திறக்கவில்லை. மரநிழலுக்குள் போனதும் குளிர்ந்தது. தோட்டம் தொடங்கியது. ஏலச்செடி உச்சியில் காய்க்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தூரில், மண்ணோடு மண்ணாகச் சரம் படர்ந்து, வெள்ளைப் பூவும் பச்சைக் காயுமாகக் கிடந்தது. குனிந்து பார்த்தேன், இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி குனிந்து பார்த்தேன். ஆயுசெல்லாம் தட்டிப் போட்ட சாமான் இப்படியா பிறக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

நிமிர்ந்தபோது என் தோளில் கை இல்லை. அவர் எனக்கு முன்னால், ஒரு பாறைப்படிக்கு மேலே நின்றிருந்தார். கம்பை ஒரு செடியோரம் சாத்தியிருந்தார். பாறை பாசி பிடித்து வழுக்கியது, என் காலுக்கு அது எட்டவும் இல்லை. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழித்தேன். அவர் குனிந்து கையை நீட்டினார்.

"கையக் குடு புள்ள. முழுசாத் தொங்கு, ஒண்ணும் ஆகாது."

நான் ஒல்லியான பெண் இல்லை, அப்போதும் சரி, இப்போதும் சரி. என் பாரம் அத்தனையையும் அந்தக் கையில் போட்டு ஏறினேன். மேலே வந்து மூச்சு வாங்கிய பிறகுதான், என்னை இழுக்க அவர் எந்தக் காலை ஊன்றியிருந்தார் என்று கீழே பார்த்தேன். முறிந்த கால்.