வெறுங்காற்று

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒரு வருஷம் நான் துவக்கு சுட்டிருக்கிறேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பட்டாசுச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடுகிறவள் துவக்கு சுட்டாளாம்! அவர்கள் சிரிப்பதில் தப்பில்லை. ஆனாலும் சுட்டது உண்மை. அப்போது எனக்கு ஒன்பது வயது. நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில், கடைசிக் காம்பராவில் எங்கள் குடும்பம் இருந்தது.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பதுளை டவுனில் ஒரு சாமான் கடையில் வேலை பார்த்தார். கொழுந்து மலைக்கு வேலைக்குப் போகாமல் டவுனுக்குப் போன ஆள் என்பதால் லயத்தில் அவருக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அந்த மரியாதைக்குக் கொஞ்சம் மிஞ்சிய வாயும் இருந்தது. திருவிழாவுக்கு வரும்போது எதையாவது கொண்டுவந்து ஆட்களை வாய்பிளக்க வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒருமுறை படம் காட்டும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பாதியில் அது புகைந்து, படம் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் கடை முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு ஒரு காத்துத் துவக்கை இரவல் வாங்கிவந்தார். பலகையில் பலூன் கட்டி வைப்பது, சுட்டு உடைக்கிறவர்களுக்குச் சீப்பும் குளிக்கிற சவர்க்காரமும் கொடுப்பது, இதுதான் திட்டம்.

சாக்கில் சுற்றிய அந்தச் சாமானை அவர் காம்பராவுக்குள் கொண்டுவந்ததும் அம்மா, மூன்று வயதுத் தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

“அத வெளிய வைங்க தம்பி. புள்ளைங்க பொழங்குற எடம்.”

“இது காத்துத் துவக்கு மதினி. காக்கா கூட சாவாது.”

“காக்கா சாவாட்டி கண்ணு போவாதா?”

சித்தப்பா துவக்கை விறகுக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

அதன் குழாயை நடுவில் மடக்கினால்தான் உள்ளே ஸ்பிரிங் இறுகும். மடக்கின இடத்தில் பயற்றங்கொட்டை அளவு ஒரு ஈயக்குண்டை வைத்து, குழாயை நிமிர்த்தினால் துவக்கு தயார். மடக்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், ஏதோ எலும்பு முறிகிற மாதிரி. அதைக் கேட்டாலே எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுவிடும். இப்படிப்பட்ட என்னைத்தான் சித்தப்பா சுடுவதற்குத் தேர்ந்தெடுத்தார்.

காரணம் வியாபார தந்திரம். “ஒரு பொட்டப்புள்ள சுட்டு ஒடைக்குதுன்னு வையி, மீசை வச்ச எவனாவது சும்மா நிப்பானா?” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்குத் திருவிழாவில் கரகம் எடுக்கிற கவலை. எதற்கோ தலையாட்டினார். எனக்குக் கண்ணாடி வளையல் ஒரு டசன் என்று பேச்சு. வளையலுக்காக ஒப்புக்கொண்டேன் என்றுதான் வெளியே காட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை என்பதே நிஜம்.

திருவிழாவுக்கு முந்திய நாட்களில், லயத்துக்குப் பின்னால் மண் திட்டு உயர்ந்து நிற்கிற இடத்தில் சித்தப்பா எனக்குப் பழக்கம் கொடுத்தார். ஒரு மண்ணெண்ணெய் டின்னை வைத்து அதைச் சுடச் சொன்னார். சுடுவதைவிட அவர் சொன்ன சட்டங்களே அதிகம். துவக்கின் வாய் எப்போதும் மண் திட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். ஆள் இருக்கும் பக்கம் பேச்சுவாக்கில் கூடத் திரும்பக் கூடாது. குறி பார்த்து முடிகிறவரை விரல் விசைக்குள் போகக் கூடாது. குழாயை மடக்கிக் கீழே வைக்காமல் யாரும் கயிற்றைத் தாண்டிப் பலகைப் பக்கம் போகக் கூடாது. அவர் தானே போகும்போதும் அப்படித்தான் செய்தார். இவ்வளவையும் கோயிலில் மந்திரம் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, கடைசியில் என் முகத்துக்கு நேரே குனிந்து, “துவக்குல குண்டு இல்லன்னு எவன் சொன்னாலும் நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத. என்ன?” என்பார். நான் தலையை ஆட்டுவேன். இத்தனை சட்டம் தேவைப்படுகிற ஒரு பொருள் எவ்வளவு பொல்லாததாக இருக்க வேண்டும் என்று எனக்குள் பயம் இன்னும் ஏறும். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். அதனாலோ என்னவோ, குண்டு டின்னில் தவறாமல் பட்டது.

திருவிழா அன்று காலை, அம்மா கொடுத்த ரொட்டியைப் பாவாடை மடிப்பில் வைத்து நாய்க்குப் போட்டுவிட்டேன். கோயில் மைதானத்தில் தப்பு மேளமும் ஒலிபெருக்கியும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. பண்டாரவளையிலிருந்து வளையல்காரர்கள், மொனராகலையிலிருந்து கரும்புக் கட்டோடு வந்தவர்கள், பக்கத்துத் தோட்டங்களின் ஆட்கள் என்று தலை மட்டுமே தெரிகிற கூட்டம். மைதானத்து ஓரத்தில் சித்தப்பாவின் கடை. முன்னால் கயிறு. அங்கிருந்து ஒரு காம்பரா நீளம் தள்ளிப் பலகை. பலகைக்குப் பின்னால் மண் நிரப்பிய சாக்குகள், இரண்டு பக்கமும் பழைய படங்குத் துணி. பலகை நிறையச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பலூன்கள்.

“வாங்கய்யா வாங்க! பால் மறக்காத புள்ள சுடுது பாருங்க!” என்று சித்தப்பா தொண்டை கிழியக் கத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. பால் மறந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அவர் குழாயை மடக்கி, குண்டு வைத்து, நிமிர்த்தி என் கையில் கொடுப்பார். மடக்க என் கையில் பலம் கிடையாது. நான் ஒரு மரப்பெட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சுடுவேன். முதல் பலூன் உடைந்ததும் கூட்டம் “ஓ” என்றது. அடுத்ததும் உடைந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார். “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு” என்று எல்லாரும் கத்தினார்கள். சித்தப்பா மறுபடி துவக்கைத் தயார் செய்து கொடுத்தார்.

பலகையின் அடியில் கட்டியிருந்த ஒரு மஞ்சள் பலூனைக் குறி வைத்தேன். ஒரு கண்ணை மூடினேன். விரலை விசைக்குள் விட்டு மெல்ல இழுக்க ஆரம்பித்தேன். அப்போது மஞ்சள் பலூனுக்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் அசைந்தது.

அது தங்கச்சியின் சட்டை.

அம்மா பொங்கல் பானையோடு கோயிலுக்குள் இருந்தாள். தங்கச்சியை அடுத்த காம்பரா அக்காவிடம் விட்டிருந்தாள். அக்கா கரகம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். உடைந்த பலூன் துண்டை வாயில் வைத்து உறிஞ்சி குட்டிக் குட்டி முட்டை செய்வது அந்த நாளில் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய விளையாட்டு. அந்தத் துண்டுகளைப் பொறுக்கத்தான் அவள் படங்குத் துணிக்கு அடியில் தவழ்ந்து உள்ளே வந்திருந்தாள். வந்தவள் எழுந்து நின்றாள். துவக்கின் முனையில் குறி பார்க்க இருந்த சின்னக் குமிழுக்கு நேரே அவள் முகம் இருந்தது.

விரலை எடு என்று மனசு சொல்கிறது. விரல் கேட்கவில்லை. அது என் விரலாகவே இல்லை. விசையோடு சேர்த்து ஆணி அடித்தது போல் நின்றது. துவக்கைத் திருப்பலாம் என்றால், திருப்புகிற அசைவிலேயே வெடித்துவிடும் என்று பயம். சித்தப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுக்கூட வரவில்லை. தப்புச் சத்தத்தில் காது அடைத்துப் போயிருந்தது. தங்கச்சி என்னைப் பார்த்துவிட்டாள். “அக்கா” என்று அவள் வாய் அசைவது தெரிந்தது. கையில் இருந்த பலூன் துண்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

சித்தப்பா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் சுடாததைக் கண்டு திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் நிச்சயம் விசையை இழுத்திருப்பேன். குனிந்து, தன் வலது உள்ளங்கையால் துவக்கின் வாயைப் பொத்தினார். நான் திடுக்கிட்டுக் கண்ணை மூடினேன். தோளில் கட்டை இடித்தது. டப்பென்ற சத்தம் ஏதோ தலையணைக்குள்ளிருந்து வருவது போல அமுங்கி வந்தது.

கண்ணைத் திறந்தபோது சித்தப்பா தோளில் கிடந்த துண்டை வலது கையில் சுற்றிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து துவக்கை இடது கையால் வாங்கினார். முழங்காலில் முட்டுக் கொடுத்துக் குழாயை மடக்கினார். மடக்கியதைப் பெட்டி மேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் கயிற்றைத் தாண்டினார். தங்கச்சியை இடது தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, என் பக்கத்தில் குந்தினார். அவர் முகம் முழுக்க வியர்த்திருந்தது.

“பயந்துட்டியா? குண்டு போட மறந்துட்டேன் புள்ள. வெறுங்காத்து. ஒண்ணுமில்ல, வெறுங்காத்து.”

நானே சொன்னாலும் நம்பாதே என்று அத்தனை தரம் சொன்ன மனுஷர். நான் உடனே நம்பினேன். நம்பிய அடுத்த நிமிஷமே ஓவென்று அழுதேன். பயம் போனதும் எனக்கு வந்தது கோபம். வெறும் துவக்கைக் கொடுத்தா என்னை இந்தப் பாடு படுத்தினார்?

கூட்டத்துக்கும் அவர் அதையே சொன்னார். “குண்டு போட மறந்துட்டேன்யா, மன்னிச்சுக்குங்க” என்று சிரித்தபடி கடையை மூடினார். கங்காணி சும்மா விடவில்லை. “வாய்ல இருக்குற குண்டத் தூக்கித் துவக்குல போட்டிருக்கலாமே!” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பு திருவிழாவோடு முடியவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாம் அதே பேச்சு. சித்தப்பாவுக்குக் “குண்டு மறந்தவர்” என்றே பெயர் விழுந்தது. சட்டம் பேசிப் பேசி எல்லாருடைய உயிரையும் வாங்கிய மனுஷர் கடைசியில் குண்டையே மறந்தார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எல்லாரையும்விட அதிகமாகச் சொல்லிக் காட்டியவள் நான்தான். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. திருவிழாவுக்கு மறுநாள் முதல் பஸ்ஸிலேயே துவக்கைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று பதுளைக்குப் போனவர், அதன் பிறகு அந்த மாதிரி ஒரு சாமானையும் தோட்டத்துக்குக் கொண்டுவரவில்லை. கொஞ்ச காலத்தில் குடியுரிமை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போகிறவர்களோடு அவரும் போய்விட்டார்.

எனக்குக் கலியாணமாகி முதல் பிள்ளை பிறந்திருந்த சமயத்தில்தான் அம்மா ஒரு நாள் சொன்னாள். துவக்கில் குண்டு இருந்தது. அது சித்தப்பாவின் உள்ளங்கைக்குள் போய் எலும்பில் தங்கிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில்தான் அதை வெட்டி எடுத்தார்கள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை.

“அப்பாவுக்குக் கூடத் தெரியாதா?”

“யாருக்கும் தெரியாது. ‘அந்தப் புள்ள கையால சுட்டு ரத்தம் வந்துச்சுன்னு அதுக்குத் தெரியவே கூடாது மதினி’ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

சொல்லிவிட்டு அம்மா என் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திருவிழா அன்று பொழுது சாயும் நேரம் நான் பார்த்த ஒரு காட்சி அப்போதுதான் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. திருவிழா ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற வாசனையில் நான் அடுப்படிக்குப் போனேன். அடுப்பு வெளிச்சத்தில் சித்தப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை துணிக்கட்டோடு மடியில் கிடந்தது. பலகையில் கையை வெட்டிக்கொண்டாராம். தங்கச்சி அவர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா, இந்த மனுஷர் வந்தாலே முணுமுணுக்கிற அம்மா, சோற்றைப் பிசைந்து, நல்ல கறித்துண்டாகப் பொறுக்கி வைத்து, அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. குண்டு போட மறந்தவருக்கு இவ்வளவு உபசாரமா? நான் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கும்” என்று வாயைத் திறந்தேன். அம்மா என்னை வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஒரு உருண்டை பிடித்து என் வாயருகே கொண்டுவந்தாள். கை நடுங்கியதில் பாதிச் சோறு என் பாவாடையில் சிந்தியது. சோறு சுடுகிறது போலிருக்கிறது, அதுதான் அம்மாவின் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, நான் ஊதி ஊதித் தின்றேன்.