மருமகளின் கணக்கும் நான் பிடுங்கிய பிளக்கும்

போன வாரம் நான் ஒரு பொய் சொன்னேன். எழுபது தாண்டியவன் மருமகளிடம் சொன்ன பொய். அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

நான் இப்போது இருப்பது ஹட்டனில், மகன் வீட்டில். ஹாலில் நம்பிச் செருகக்கூடிய பிளக் பொயின்ட் ஒன்றே ஒன்றுதான். அதில் மருமகள் செல்வியின் கம்ப்யூட்டர் ஒரு வாரமாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். டீவியில் கிரிக்கெட்.

பத்து நிமிடம்தானே? அதைப் பிடுங்கி இதைச் செருகினேன். அவள் திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்வரை அந்தப் பத்து நிமிடம் முடியவில்லை...

அவள் முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். சில திடப்பொருள்களைச் சூடாக்கினால், உருகாமலேயே உள்ளே அணுக்கள் வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளுமாம். பழைய அடுக்கிலிருந்து புதியதற்குப் போக நடுவே ஒரு சக்தி மேடு. அதன் உயரத்தைத்தான் அவள் கணிக்கிறாள். இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பஸ் மலை உச்சி மேலாகவா போகிறது? தாழ்ந்த இடமாகப் பார்த்து வளைந்து வளைந்து போகிறது. அணுக்களும் அப்படித்தான். கம்ப்யூட்டர் ஒரு பாதையை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வான பக்கம் நகர்த்திப் பார்க்கும்.

அவளுக்குக் கிடைத்த உயரமோ ஆய்வுகூடத்தில் அளந்ததைவிட மிக அதிகம். அடுத்த திங்கட்கிழமை பேராசிரியரிடம் சரியான விடையோடு போகாவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் இழுபடும்.

டீவியை அணைக்க மட்டும்தான் எனக்கு நேரம் இருந்தது. வந்தவள் கம்ப்யூட்டரின் இருண்ட திரையைப் பார்த்தாள்.

“கரண்ட் போயிட்டுது பிள்ளை” என்றேன்.

அவள் டீவியின் பின்பக்கம் கைவைத்தாள். “டீவி முதுகு சுடுதுங்களே மாமா.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, சிரிக்கத் தொடங்கினாள்.

“உங்களுக்குப் பொய்யே வராதுங்க மாமா. எங்க கல்யாணத்துக்கு வராம, மூட்டு வலின்னு சொல்லி அனுப்புனீங்களே... அன்னைக்கே தெரியும்.”

மூட்டு வலி இல்லை. அவள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், நாங்கள் யாழ்ப்பாணத்தார். அதுதான் காரணம். படித்தவன் இப்படி இருக்கலாமா? இருந்தேன். நான்கு வருடமாக இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“பிழை என்ரதான் பிள்ளை. ரெண்டும்.”

“ரெண்டையும் ஒண்ணாச் சொல்லி முடிச்சிட்டீங்க. கெட்டிக்காரர்தான். இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்.”

போன கணக்கு போனதுதான். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படியானால் வேறு பாதையில் தொடங்கினால் என்ன என்றாள் அவள். அணுக்கள் எல்லாம் ஒரேயடியாக நகராமல், ஒவ்வொரு அடுக்காகச் சறுக்கிப் போனால்? இந்த யோசனை அவளுக்கு முன்பே வந்ததாம். “ஓடுற கணக்க நிறுத்த மனசு வரலீங்க மாமா” என்றாள்.

நம்மில் எத்தனை பேர் இப்படி! இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பதற்காகவே பிழையான வழியில் தொடர்ந்து நடக்கிறோம். அவள் கணக்குக்கு ஒரு வாரம்; என் பிழையை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு வருடம்.

அதன்பின் அந்த பிளக்குக்கு நானே காவல். சட்டை அயர்ன் பண்ண வந்த மகனைக்கூடத் துரத்திவிட்டேன். கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனான்.

ஞாயிறு காலை விடை வந்தது. மேடு நன்றாகத் தாழ்ந்து, ஆய்வுகூட எண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது! செல்வி என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். திறமை முழுக்க அவளுடையது. பிடுங்கியது மட்டும்தான் நான் — ஆனாலும் அன்று என் பெருமையைத் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் எல்லோர் முன்னிலையிலும் இதை விளக்கப் போகிறாள். நானும் போகிறேன். தோட்டத்திலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். சம்பந்தி என்று அழைக்க வேண்டிய அந்த இருவரையும் நான் இன்னும் நேரில் கண்டதில்லை.

பரீட்சை அவளுக்கு. நடுக்கம் எனக்கு.