வசந்தாவின் முறை

ஃபினாயில் வாசனை என் அறைக்குள் வந்ததும், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

எழுபதுகளில் கீழப்பழுவூர்ப் பக்கம் நான் படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமை மதியம் சேவை வேளை. ஊர்த்தெருப் பிள்ளைகள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். காலனிப் பிள்ளைகளான நாங்கள் கக்கூஸ் கழுவுவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போகும்.

புதிதாக வந்த தலைமையாசிரியை ஒருநாள் என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிப் பண்ணைக்காரர் மகள் வசந்தாவிடம் நீட்டினார். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் புல்லட்டில் திரும்பி வந்தாள்.

"எம் பொண்ண கக்கூஸ் கழுவச் சொன்னது யாரு?"

"நாந்தாங்க."

"அதுக்குத்தான் இதுவ இருக்குல்ல!" அவர் விரல் எங்களை நோக்கி நீண்டது.

"இதுங்களும் படிக்கத்தாங்க வந்திருக்கு. இன்னிக்கு வசந்தா மொற. அது வர்ற வரைக்கும் நான் கழுவுறேன்."

டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனார். துடைப்பம் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வசந்தா வண்டியிலிருந்து இறங்கி வாளியை எடுத்தாள்.

"ஏய்!" என்று அப்பா அதட்டினார். அவள் திரும்பவில்லை.

இப்போது தலைமையாசிரியை நான். எதிரே நின்ற ஆசிரியரிடம் கேட்டேன். "கக்கூஸ் கழுவ யார அனுப்பியிருக்கீங்க சார்?"

"வழக்கமா போற புள்ளைங்கதான் மேடம்."

புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தேன்.