மரத்துக்குப் பின்னால் நின்றவர்

பேராதனையில் படித்த நாட்களில், ஞாயிறு வந்தால் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவேன். மதுரையிலிருந்த அம்மாவுக்கு வாராவாரம் படம் அனுப்பியாக வேண்டும். எங்கே சுற்றினாலும் கடைசியில் கண்டிக் குளக்கரைக்குத்தான் வருவேன். அங்கிருந்து பார்த்தால் புத்தரின் பல்லை வைத்திருக்கும் மாளிகை அழகாகத் தெரியும்.

அங்கே நடைபாதையைப் பெருக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வெளுத்துப்போன ஆரஞ்சுச் சீருடை, தன்னைவிட உயரமான விளக்குமாறு. யார் கேமராவைத் தூக்கினாலும் சட்டென்று ஒரு மரத்தின் பின்னால் போய் நின்றுகொள்வார்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"ஏன்க்கா ஒளியிறீங்க? நில்லுங்க, உங்களையும் சேர்த்து எடுக்கிறேன்."

சிரித்துவிட்டார். "கடல் தாண்டி வந்தது மாளிகையப் பாக்கத்தானே தம்பி? வெளக்கமாத்தப் பாக்கவா வந்தீங்க? கொஞ்சம் இருங்க."

என் காலடியிலிருந்து குளத்துச் சுவர் வரைக்கும் கிடந்த சருகுகளை விறுவிறுவென்று தள்ளினார். பிறகு மரத்தின் பின்னால் போய்க் குரல் கொடுத்தார்.

"இப்ப எடுங்க, நல்லா வரும்."

படத்தைப் பார்த்துவிட்டு அம்மா போனில் சொன்னாள்: "ஊரு தொடைச்சு வச்ச மாதிரி இருக்குடா! மரத்துக்கிட்ட மட்டும் என்னமோ கம்பு நீட்டிக்கிட்டு இருக்கு. அதை வெட்டிட்டு அனுப்பு, பிரேம் போடணும்."

நான் வெட்டவில்லை. அந்தப் படம் அப்படியேதான் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் மாளிகையைத்தான் விசாரிப்பார்கள். நான் அந்தக் கம்பைத் தொட்டுக் காட்டி, "இவங்க..." என்று தொடங்குவேன். பெயரைக் கேட்காமலே வந்துவிட்டது அப்போதுதான் உறைக்கும்.