ஆண்டு மலரில் என் வலது கை

போன வருடம், பொங்கல் விடுமுறை முடிந்த சமயம். ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். என் மகள் அப்போது பதினோராம் வகுப்பு.

அவள் பள்ளியில் வருடா வருடம் ஆண்டு மலர் போடுவார்கள். முன்பாதி முழுக்கப் பெரிய மனிதர்களின் வாழ்த்துச் செய்தி, பின்பாதியில் பொடி எழுத்தில் கட்டுரைகள். கைக்கு வந்ததும் மகளின் பெயரைத் தேடுவேன். கிடைத்ததும் மூடி அலமாரி மேல் போட்டுவிடுவேன். எல்லா வீட்டிலும் இதே கதைதான் போலிருக்கிறது. அந்த வருடம் ஆசிரியை ஒருவர், பெற்றோர் உட்கார்ந்து படிக்கிற மாதிரி மலரை அடியோடு மாற்றச் சொல்லி மாணவிகளிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார். என் மகளும் அந்தக் குழுவில் இருந்தாள்.

மாட்டிக்கொண்டது நான். வேலை முடிந்து வந்து டீ டம்ளரைக் கையில் எடுத்தால் போதும், மாதிரிப் பக்கம் ஒன்றை முன்னால் நீட்டுவாள். எங்கே நான் நின்று படிக்கிறேன், எங்கே சலித்துப் புரட்டுகிறேன் என்று கவனித்துக்கொண்டே இருப்பாள். தலைமையாசிரியர் உரையில் நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

"இன்னா நைனா, ரெண்டாவது வரியிலயே கண்ணு சொக்கிடுச்சா?"

"எழுத்து எறும்பு மாதிரி கீது பாப்பா. நான் இன்னா பண்றது?"

மறுவாரம் எழுத்து பெரிதானது. உரை கால் பக்கமாகச் சுருங்கியது. என்னவோ நானே பத்திரிகை நடத்துகிற மாதிரி எனக்கு ஒரே பெருமை.

பிறகுதான் சிக்கல் வந்தது. வேலை உடையில் இருக்கும் அப்பா அல்லது அம்மாவோடு ஒவ்வொரு பிள்ளையும் நிற்கிற படத்தைப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். எனக்கு வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் போனது. வெளி ஆட்கள் முன்னால் அந்தக் கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில்தான் இருக்கும். அவள் பள்ளிக்கு நான் போனதே இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் மனைவிதான் போவாள். மகளும் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. வெட்கப்படுகிறாள் போல என்று நானே நினைத்துக்கொண்டு, நானே மென்று விழுங்கியிருந்தேன்.

வாசலில் நிற்கவைத்து மனைவி போனில் படம் எடுத்தாள். கையை மறைத்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். முடிந்துவிட்டது என்று நினைத்து மகளின் தோளில் வலது கையைப் போட்டேன். மனைவி அதையும் எடுத்துவிட்டாள்.

சில நாள் கழித்து மகள் இரண்டு தாள்களை என் முன் வைத்தாள். ஒன்றில் கழுத்தோடு வெட்டிய எங்கள் முகங்கள் மட்டும். மற்றதில் அவள் தோளில் என் கை, அப்படியே.

"மூஞ்சி மட்டும் இருக்கிறத போடு. கூடப் படிக்கிற புள்ளைங்க முன்னால உனக்கு எதுக்கு அசிங்கம்?" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "எனக்கு இன்னா அசிங்கம்? நீ பேஜாராயிடுவியேனுதான் வெட்டி வெச்சேன். உன்ன ஸ்கூலுக்குக் கூப்புடாததும் அதுக்குதான். நீ கைய மறைச்சிக்கினு நிக்கிறத என்னால பாக்க முடியாது நைனா. எனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தப்ப இந்தக் கைதான பின்னால புடிச்சிக்கினு ஓடியாந்துச்சு?"

கை இருந்த தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

"நல்லா யோசிச்சிக்கோ. அச்சாயிட்டா எல்லார் ஊட்டுக்கும் போயிடும்," என்றாள்.

"போவட்டும் பாப்பா."

மலர் வெளியிட்ட அன்று முதன்முறையாக அந்தப் பள்ளிக்குள் போனேன். மீஞ்சூரிலிருந்து வந்திருந்த, மகளின் தோழி ஒருத்தியின் அப்பா, படத்தைப் பார்த்து என்னை அடையாளம் கண்டு கை நீட்டினார். ஒரு நொடி தயங்கினேன். பிறகு வலது கையையே கொடுத்தேன். தூரத்தில் நின்ற என் மகள் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள்.

பிள்ளைகளைத் தலைகுனிய விடாமல் காப்பாற்றுகிறோம் என்று பெற்றவர்கள் நினைத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் அத்தனை வருடமும் சத்தமில்லாமல் என்னைக் காப்பாற்றிவந்தது என் மகள்தான் என்பதை நினைக்கும்போது இன்றும் கண் கலங்கிவிடுகிறது.