அலமாரிக்குள் வைஃபை

இன்டர்நெட் பழுது பார்க்கும் ஜெஸ்லினுக்கு அன்று காலையிலிருந்தே அலைச்சல். கடைசியாக வந்த புகார் மறுபடியும் ஆரியசாலை நயினார் வீடு. மொத்த வியாபாரக் கடையை மகனிடம் விட்டதிலிருந்து நயினார் ஸ்மார்ட் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

“வைஃபை வருது, போவுது. அன்னைக்கு என்னத்தடே சரி பண்ணுன?” என்று எரிந்து விழுந்தார்.

ஜெஸ்லின் டிவியை அணைத்துத் திரும்பப் போட்டான். பாஸ்வேர்டை மறுபடி அடித்தான். சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. ஹாலில் அவன் மாட்டிய ரூட்டரைக் காணவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே அடுக்களை வரை போனான். அங்கே இரும்பு அலமாரிக்குள், பலசரக்குச் சம்படங்களுக்குப் பின்னால் ரூட்டர் மினுங்கியது.

நயினாரின் மனைவி சிவகாமியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “நான்தான் வச்சேன் மக்களே. விடிஞ்சதுல இருந்து டிவி சத்தம், கேட்டியா. காது ரெண்டும் இரையுது. இன்னைக்கு ஒரு நாள் சும்மா கிடக்கட்டும்.”

புகார் தீரவில்லை என்றால் கம்பெனியில் திட்டு விழும். ஆனாலும் ஜெஸ்லின் அலமாரியைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தான்.

“நாளைக்குத்தான் சரியாகும் அண்ணாச்சி.”

நயினார் முணுமுணுத்துக்கொண்டே டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். சிவகாமியம்மாள் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்த பிறகும் அந்த அமைதியிலிருந்து எழுந்திருக்க ஜெஸ்லினுக்கு மனம் வரவில்லை.