பக்கத்து ஸ்டூல்

தொண்ணூறுகளின் கடைசியில் பெரியநாயக்கன்பாளையத்தில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். பத்தாவது முடித்ததும் என்னை அங்கே சேர்த்துவிட்டார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். நாற்காலி ஒன்று, ஸ்டூல் ஒன்று. என் கூட்டாளிப் பெண் முதல் நாளே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் இடதுபக்கம் ஸ்டூலில். திரை அவளுக்கு நேராக இருக்கும். நான் கழுத்தைத் திருப்பியே பார்ப்பேன். என் முறை வரும்போதும் எழ மாட்டேன். இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டித் தட்டுவேன். இடம் மாறலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆவணியில் கழுத்து பிடித்துக்கொண்டது. தோளிலிருந்து முழங்கை வரை குடைச்சல். அம்மா சுளுக்கு என்றாள். கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். அடுத்த வீதியில் அப்படி ஒரு அக்கா இருந்தார். வாசலில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் குதிகாலால் மிதித்தார்.

"ஏனுங் அம்மணி, கம்ப்யூட்டருக்குப் போறீங்களா, கல்லு ஒடைக்கப் போறீங்களா? ஒடம்பு கட்டையாட்டம் கெடக்குது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் வலி கூடியது.

அப்பா சாப்பிடும்போது சொன்னார்: "உக்காந்து படிக்கறதுக்கே இப்பிடின்னா என்ன பண்றது கண்ணு? வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கலாம். ஆகலீன்னா நிறுத்திப்போடலாம்."

நிறுத்தினால் வீடு. அதன் பிறகு கல்யாணப் பேச்சு. பெரியப்பா மகளுக்கு அப்படித்தான் நடந்தது.

புதன்கிழமை என் கூட்டாளி வரவில்லை. நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். வகுப்பு முடிந்து எழுந்தபோது குடைச்சல் குறைந்திருந்தது. சுளுக்கு இல்லை, ஸ்டூல்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

வியாழக்கிழமை அவள் உட்காரும் முன்பே, இடம் மாறலாமா என்று கேட்டுவிட்டேன்.

"ஏம்புள்ள, இத்தன நாளு வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றாள்.

அன்று முதல் நாள்விட்டு நாள் மாறி உட்கார்ந்தோம்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, வலி எப்படி என்று அப்பா கேட்டார். வலி முழுதாகப் போயிருக்கவில்லை. கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு அவர் பக்கம் திரும்பினேன். அந்தப் பழக்கம் இன்றும் எனக்கு உண்டு.

"சரியாப் போச்சுங்கப்பா."

"மிதிச்சது கேட்டிருச்சு பாத்தீங்களா!" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அந்த அக்காவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினாள். ஸ்டூலைப் பற்றி நான் சொல்லியிருந்தால், அப்படியொரு இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று அப்பா கேட்டிருப்பார்.

அப்பா என் கழுத்தைப் பார்த்தார். பிறகு, "செரி, போயிட்டு வா" என்று கை கழுவ எழுந்தார்.